முப்பத்தொன்றாம் பக்கம்

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, சிவகாசியில் அந்தக் காலண்டர் அச்சகத்தின் பிழை திருத்தும் அறையில், தங்கபுஷ்பம் அடுத்த வருஷத்து அக்டோபர் மாதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். பதினான்காம் தேதித் தாளில் துலாம் ராசிக்கு ‘தாமதம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தாதமம்’ என்று விழுந்திருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். வட்டம் முடிந்த பிறகும் பேனா எழவில்லை. மை ஊறி உள்ளே ஒரு பொட்டாக விரிந்தது. பத்தரைக்குள் சொல்லிவிட வேண்டும். மெர்சி அப்படித்தான் சொன்னாள், பத்து நிமிஷத்துக்கு முன்னால், மதுரையிலிருந்து, பின்னால் ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருக்க. “அக்கா, நீங்கதான அந்த ‘மறுகரை’ விளையாட்டு எழுதினவங்க? கடைசிப் பக்கத்துல நம்பர் போட்டு, சந்தேகம்னா கூப்பிடுங்கன்னு இருந்துச்சு.” நான்தாம்மா என்று சொல்லும்போது தங்கபுஷ்பத்தின் முதுகு நிமிர்ந்தது. எத்தனை பேர் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு அவள் முதுகு நிமிர்ந்துவிடும். நாற்பத்தாறு வயதில் அவளை யாரும் வேறு எதற்காகவும் அப்படிக் கேட்டதில்லை. நீங்கதான ஞானதுரை வீட்டம்மா, நீங்கதான ப்ரூஃப் பாக்குற அம்மா, என்று கேட்பார்கள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்வாள், முதுகு அதுபாட்டுக்கு இருக்கும்.

விளையாட்டு என்றால் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒரு ஊர், ஒரு ராத்திரியில் அந்த ஊர் ஆறு எதிர்க்கரை தெரியாத அளவுக்கு அகன்றுவிட்டது, நாலைந்து பேர் ஒரு படகில் மறுகரைக்குப் புறப்படுகிறார்கள். ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்று பேசிப் பேசியே ஆட வேண்டும். நடத்துகிறவருக்குக் கண்டக்டர் என்று பெயர். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் கண்டக்டர் ஒரு பழைய தினசரிக் காலண்டர் கட்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். அந்தத் தாளில் அவரவர் ராசிக்கு எதிரே என்ன ஒற்றை வார்த்தை இருக்கிறதோ அதுதான் நடக்கும். லாபம், போட்டி, அலைச்சல், மறதி, சுகம், பயம். பதினேழு வருஷம் அந்த வார்த்தைகளைத்தான் அவள் பிழை பார்த்தாள். நாளைக்குப் பன்னிரண்டு, வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம், யாரோ ஒரு ஜோசியர் எழுதி அனுப்புவது, யாரும் இரண்டாம் தடவை பார்க்காமல் கிழித்துப் போடுவது. விற்காமல் திரும்பி வந்த கட்டுகள் கோடவுனில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரு மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்குமுன் ஒரு கட்டை எடுத்து விரித்தாள். மகரத்துக்கு ‘துணிவு’ என்றிருந்தது. யாருக்கு வந்த துணிவு, எதைச் செய்ய வந்தது என்று நினைத்தாள். அங்கே தொடங்கியது, ஒரு சின்னப் புத்தகமாக முடிந்தது. பைண்டிங் பகுதி ஃபோர்மேன், பிள்ளை குட்டி பெத்த பொம்பளைகளுக்கு என்ன விளையாட்டு வேண்டிக் கெடக்கு என்று கேட்டுவிட்டுப் போனான். இன்று அவன் மருமகள் சாத்தூரில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறாள். அதை அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதில்தான் ருசி.

கேள்விகள் வரும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், இருநூற்றுப் பன்னிரண்டு வந்திருக்கிறது. நாமக்கல் விடுதிப் பெண்கள் ஒரே போனில் நாலு பேர் பேசினார்கள்: பேய் பரோட்டா சாப்பிட்டால் அதற்குத் தெம்பு ஏறுமா? ஏறும், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பசிக்கும் என்று சொன்னாள். அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது. தேனியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள், தன் பாத்திரம் யாரையும் கைது செய்யாது, ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்கு விதியில் இடம் உண்டா என்று கேட்டார். உண்டு. பதினெட்டாம் பக்கத்தில் ‘ஏறலாம்’ என்பது ‘ஏறாமல்’ என்று அச்சாகிவிட்டது. ஊரார் பிழையெல்லாம் பார்க்கிறவள் சொந்தப் புத்தகத்தில் கோட்டைவிட்டாள். முதல் ஒரு மாதம் வெட்கத்தில் போனை எடுக்கவே கை கூசியது. ஆனால் பட்டுக்கோட்டையில் ஒரு குடும்பம் அந்தப் பிழையை வைத்தே மரத்தில் ஏறாமல் மாங்காய் பறிக்கிற ஒரு வித்தையைக் கண்டுபிடித்து ஆடிக்கொண்டிருந்தது. திருத்தட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். எந்தக் கேள்விக்கும் அவள் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அதுதான் அவள் கர்வம். இருநூற்றுப் பதின்மூன்றாவது கேள்விக்கு மட்டும், யோசிச்சுச் சொல்றேன்மா என்று வாய் சொல்லிவிட்டது.

மெர்சி டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ். செவ்வாய், வியாழன், சனி, பன்னிரண்டு மணி ஷிஃப்ட். மூன்று கட்டில்கள் பக்கம் பக்கம், நாலு மணி நேரம், ஆளுக்கு ஒரு கை மெஷினோடு கட்டுண்டு கிடக்கும். எட்டு மாதமாக ஆடுகிறார்களாம். மெர்சிதான் கண்டக்டர், பிரஷர் பார்த்துக்கொண்டே. தையல்கடை வைத்திருக்கும் ஜைனம்பு பீவி ஆட்டத்தில் வைத்தியச்சி. லாரி ஓட்டிக்கொண்டிருந்து இப்போது ஓட்ட முடியாத தவமணி ஒரு திருடன். எல்.ஐ.சி. ஏஜெண்ட் சுந்தரலிங்கம் படகோட்டி. அவர்கள் நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், குழம்பு, மோர் எல்லாம் சேர்த்து. இதைக் கேட்டதும் தங்கபுஷ்பம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்: ஆறு ஆறாகத் தண்ணீரை எழுதி வைத்திருக்கிறேனே, அறுபத்து நாலு பக்கமும் தண்ணீர். “அதெல்லாம் அவங்களுக்குப் பிடிச்சிருக்குக்கா. குடிக்கத்தான் முடியல, படகாவது ஓட்டுறோமேன்னு ஜைனம்பக்கா சொல்லும்.” இப்போது சுந்தரலிங்கத்துக்கு அவர் அக்கா சிறுநீரகம் கொடுத்து, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இனி அவர் இந்த ஷிஃப்டுக்கு வரப்போவதில்லை. படகு நடு ஆற்றில் நிற்கிறது. முப்பத்தொன்றாம் பக்கம் சொல்கிறது: ‘ஆட்டத்துக்கு வராதவரின் பாத்திரம் தூங்கும். வந்ததும் விழிக்கும்.’ படகோட்டி துடுப்போடு தூங்குகிறான். அவனை ஆற்றில் தள்ளிவிட வேண்டும் என்கிறான் தவமணி. நல்லாகிப் போன மனுஷனைக் கொல்லச் சொல்லுதியேடா என்று ஜைனம்பு அழுதிருக்கிறாள். சண்டை. வியாழக்கிழமை தவமணி டயாலிசிஸுக்கே வரவில்லை. இன்றும் வராவிட்டால் அடுத்த செவ்வாய்க்குள் ஒரு வாரம் ஆகிவிடும். “அவ்வளவு நாள் தாங்காதுக்கா அவருக்கு. டாக்டர் பேசிப் பாத்தாரு, அவரு அண்ணன் பேசுனாரு. புத்தகம் எழுதினவங்ககிட்டயே கேக்குறேன்னு நான் சொன்னேன். சரி, அந்தம்மா என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வாரேன்னாரு. திருமங்கலத்துல இருந்து வரணும், பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சாத்தான் சரியா இருக்கும்.”

பதினைந்தாம் தேதி. மேஷம் நன்மை, ரிஷபம் வரவு, மிதுனம் சிக்கல். சரி. கடகம் பரிவு. சரி. தள்ளலாம் என்று சொன்னால் தவமணி வந்துவிடுவான், ஜைனம்பு வராமல் இருப்பாள். கூடாது என்றால் அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். வேறு யாராவது படகோட்டியாக வந்து உட்காரட்டும் என்றால்? சுந்தரலிங்கத்தின் கட்டிலுக்கு ஏற்கெனவே வேறொருவர் வந்திருப்பார். கட்டில் காலியாகக் கிடக்காது, வெளியே காத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. ஆனால் கட்டிலுக்கு ஆள் வருவது வேறு, பாத்திரத்துக்கு ஆள் வருவது வேறு. சிம்மம் கோபம். கன்னி. கன்னிக்கு என்ன போட்டிருக்கிறது என்று மூன்று தடவை படித்தும் மனதில் ஏறவில்லை. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா. ஒரு ஆள் ரத்தம் சுத்தமாகாமல் வீட்டில் படுத்துக் கிடப்பதற்கு, தான் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதிய இரண்டு வரி காரணமாக இருக்க முடியுமா. பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், சொல்லவே கூசுகிற மாதிரி, இன்னொன்றும் இருந்தது. அந்த ஆள் டாக்டர் சொல்லைத் தள்ளிவிட்டு என் சொல்லுக்குக் காத்திருக்கிறான். சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அது போகவில்லை; சரி, இருந்துவிட்டுப் போகட்டும், பெருமை இருந்தால்தான் பொறுப்பும் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அந்த இரண்டு வரி எப்படி வந்தது? பைண்டிங் பகுதிப் பெண்களோடு கேண்டீனில் ஆடிப் பார்த்த காலம். ஆறு பேர். ஊசிக் கையும் பசைக் கையுமாக வந்து உட்காருவார்கள். விஜயராணி பாட்டுக்காரியாக ஆடினாள். அவள் வாயைத் திறந்தால் எல்லாரும் சோற்றை மறந்துவிடுவார்கள். திடீரென்று அவள் புருஷனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். பாட்டுக்காரியை என்ன செய்வது? சாகடிக்க யாருக்கும் மனசில்லை. அவ தூங்கட்டும்டி, வந்தா எழுப்பிக்கிடுவோம் என்று யாரோ சொன்னார்கள். அதைத்தான் அப்படியே எழுதினாள், புத்தகத்திலேயே ஈரமான வரி அதுதான் என்றுகூட நினைத்திருந்தாள். அதற்கப்புறம்? பாட்டுக்காரி படகின் ஓரத்தில் தூங்கினாள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும், இன்னும் தூங்குறாளா என்று ஒருத்தி கேட்பாள், ஆமாம் என்று தங்கபுஷ்பம் சொல்வாள். ஒரு மாதத்தில் ஆட்டம் நின்றுபோனது. தீபாவளி வேலை அதிகம், அதனால் நின்றது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வேலையா காரணம்? அவள் எழுந்து நின்றாள். எதிர் மேசை லலிதா, என்னக்கா என்று நிமிர்ந்தாள். ஒண்ணுமில்ல, போன் பேசிட்டு வாரேன்.

அவளாக யாரையும் இதுவரை கூப்பிட்டதில்லை. கேட்பவர்கள் கூப்பிடுவார்கள், அவள் சொல்வாள், அதுதான் முறை. மெர்சியிடம் தவமணியின் நம்பரை வாங்கிக்கொண்டு பேப்பர் கோடவுனுக்குள் போனாள். அங்கே மட்டும்தான் மெஷின் சத்தம் அமுங்கிக் கேட்கும்; அடுக்கி வைத்த ரீம்களுக்கு நடுவே குளிர்ச்சியாக இருக்கும். மணி பத்து இருபது.

“யாரு?”

“நான் தங்கபுஷ்பம், சிவகாசியில இருந்து. மறுகரை எழுதினவ.”

முதலில் மூச்சு கேட்டது. ஏறி இறங்குவதற்குள் களைத்துப்போகிற மூச்சு.

“நீங்களே கூப்பிட்டீங்களாக்கா. சிஸ்டர் மூலமா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்.”

“எனக்கே ஒரு சந்தேகம் தம்பி. படகோட்டியை ஏன் தள்ளணும்கிறீங்க?”

“தள்ளக் கூடாதுன்னு ரூல் இல்ல. பதினாறாம் பக்கத்துல, கனம் கூடுனா எறக்கலாம்னு போட்டிருக்கீங்க. தூங்குறவனும் கனம்தான்.”

பதினாறாம் பக்கம்தான். அவளுக்கே பக்கம் உடனே நினைவுக்கு வந்திருக்காது. உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இந்த நேரத்திலா என்று அதை ஒதுக்கினாள். “எத்தனை பக்கம் மனப்பாடம்?”

“பூராவும்தான். நாலு மணி நேரம் மல்லாக்கக் கெடக்கிறவனுக்கு வேற என்ன வேலை.” நிறுத்தி மூச்சு வாங்கினான். “அவரு தூங்கலக்கா. அதுதான் விசயம். தூங்குறாருன்னு சிஸ்டர் நோட்டுல எழுதுது, ஜைனம்பக்கா அவருக்குப் போர்வை போத்திவிடுது. நான் எப்படி ஒத்துக்கிடுறது? அவரு கரையேறிட்டாரு. அவுக அக்கா குடுத்த கிட்னியில நல்லா ஒண்ணுக்குப் போயிக்கிட்டு இருக்காரு. நடு ஆத்துல கெடக்குறது நாங்க.”

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ரீம் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“அவர் மேல கோவமா?”

“இல்லக்கா. அவருக்குக் கெடச்ச அன்னைக்கு நாந்தான் மொதல்ல கைதட்டுனேன். ஒரு கையால தொடையில.” மறுபடி மூச்சு. “பொய்ய வச்சுக்கிட்டு ஆட முடியல. அவ்வளவுதான்.”

வராதவர். அந்தச் சொல்லை அவள் மனம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது, பதினேழு வருஷமாக எல்லாச் சொல்லையும் பிடிப்பதுபோல. எழுத்துப் பிழை இல்லை, ஒற்றுப் பிழை இல்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டு ஆட்களை அடைத்து வைத்திருக்கிறேன். காய்ச்சல் வந்து இன்றைக்கு வராதவர் ஒருவர். வர வேண்டிய அவசியமே தீர்ந்துபோனவர் இன்னொருவர். அவரை என்னவென்று எழுதுவது? போய்ச் சேர்ந்தவர் என்று வந்தது முதலில். ஐயோ, அது செத்தவரைச் சொல்வது, அதை அடித்துவிடு. முடிந்தவர், அதுவும் அப்படித்தான். விட்டுப் போனவர் என்றால் குற்றம் சொல்வதாகிவிடும். போகிறவர்களுக்கு நம்மிடம் எத்தனை வார்த்தை இருக்கிறது, எல்லாமே அழுகிற வார்த்தை. இவனேதான் சொன்னானே இப்போது.

“தம்பி, முப்பத்தொன்னாம் பக்கம் தப்பு.”

“என்னதுக்கா?”

“தப்பு. எழுதினவ நானே சொல்றேன். வராதவர் தூங்கலாம். கரையேறினவர் தூங்க முடியாது. அவரு படகுல இல்ல.”

அவன் சந்தேகத்தோடு, “எனக்காக மாத்துறீங்களா? நான் வரமாட்டேன்னு சொன்னதுனால? அப்படின்னா வேண்டாம். பாவம் பாத்துக் குடுக்குற ரூல்ல நான் ஆட மாட்டேன்.”

“பாவம் பாத்துப் பிழை திருத்தினா எனக்கு இங்க வேலை இருக்காது. அடுத்த பதிப்புல அச்சாகும், எல்லாருக்கும் ஒரே ரூல்தான். எழுதிக்கிடுங்க. கரையேறினவர் மறுகரையில நிப்பாரு. படகுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு கயிறு. ஒவ்வொரு ஆட்டத்துலயும் ஒரு தடவை, படகுல இருக்கிறவங்க கேட்டா, அவரு இழுக்கணும். போன்ல கூப்பிட்டுத்தான் கேக்கணும்.”

“அவரு ஒத்துக்கலைன்னா?”

“அப்பவும் அவரு படகுல இல்ல. துடுப்பு சும்மா கெடக்கு.”

“திருடனுக்குத் துடுப்புப் போடத் தெரியாதுக்கா. இருபத்திரண்டாம் பக்கம்.”

“அதே பக்கத்துல கடைசி வரி?”

அவன் யோசிப்பது கேட்டது. அவள் காத்திருந்தாள். சொல்லிக் கொடுக்க மனம் வரவில்லை, அவனே கண்டுபிடிக்கட்டும்.

“தெரியாதவர் தொடலாம்,” என்றான் மெதுவாக. “காலண்டர்ல தன் ராசிக்கு வர்றதை ஏத்துக்கணும்.”

“அவ்வளவுதான்.”

“மணி என்னக்கா?”

“பத்து முப்பத்தாறு.”

“சட்டை மாத்தணும்,” என்றான். போன் அணைந்துவிட்டது.

சட்டை மாற்றணும் என்றால் வருகிறேன் என்றா அர்த்தம்? மெர்சிக்குப் புது விதியைத் தட்டி அனுப்பிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். பதினாறாம் தேதி, பதினேழு, பதினெட்டு. எழுந்து நிற்கும்போது அவன் தலைசுற்றி விழுந்துவிட்டால்? வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லையே. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா. லாரி ஓட்டின கால்கள் இப்போது வீங்கியிருக்கும், செருப்பு நுழையுமா. இருபதாம் தேதி விருச்சிகத்துக்கு ‘உதவி’ என்பது ‘உதவு’ என்று விழுந்திருந்தது, திருத்தினாள். திருத்தும்போதே முப்பத்தொன்றாம் பக்கத்தின் புதிய வரிகளும் உள்ளே ஓடின. ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கக் கூடாது. பிழை என்று ஒத்துக்கொண்டபோது அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. நோட்டில் இத்தனை கேள்விக்கும் பதில் சொன்னபோது வந்ததைவிட இது கனமாக, நெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தது. என் புத்தகத்தை ஒருத்தன் பொய் பொறுக்காமல் படித்திருக்கிறான். அச்சுப் பிழையைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. இந்தப் பிழையை இவன் ஒருவன்தான் கண்டான். அதற்காக அவன் சாகவும் துணிந்தானே என்று நினைத்ததும் அந்தக் கனம் சில்லிட்டது. பதினொன்றரை. பன்னிரண்டு. லலிதா சாப்பிடக் கூப்பிட்டாள், அப்புறம் என்றாள்.

பன்னிரண்டு இருபதுக்கு மெர்சியிடமிருந்து வந்தது: ‘தவமணி அண்ணன் வந்துட்டாரு. உடம்புல தண்ணி நாலரைக் கிலோ ஏறியிருக்கு. டாக்டர் திட்டித் தீத்துட்டாரு. மெஷின் போட்டாச்சு. ஜைனம்பக்கா இன்னும் பேசல, ஆனா காலண்டரை அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க.’ தங்கபுஷ்பம் அதை இரண்டு தடவை படித்தாள், பிழை பார்க்கிறவள்போல எழுத்து எழுத்தாக. பிறகு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் போனாள். அவளுக்கே தெரியாமல் வேகமாக நடந்தாள். என்னக்கா முகமெல்லாம் ஒரு தினுசா இருக்கு என்று கேட்டவர்களிடம், மதுரையில ஒருத்தர் படகு ஓட்டப் பழகுறாரு என்றாள். அவர்கள் சிரித்தார்கள். விளக்கவில்லை.

இரண்டாம் வாய் எடுக்கும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். இடது கையால் எடுத்தாள். ஒரு ஆண் குரல், மாஸ்க்குக்குள்ளிருந்து பேசுவதுபோல மழுங்கி வந்தது.

“வணக்கம்மா. நான் சுந்தரலிங்கம். மெர்சி உங்க நம்பர் குடுத்துச்சு. தொந்தரவு பண்ணலையே?”

“இல்ல சார், சொல்லுங்க.”

“என்னைத் தனி ரூம்ல வச்சிருக்காங்க. யாரும் வரக் கூடாது. மூணு வாரமா சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவங்களைக் கூப்பிடணும்னு தெனமும் நெனப்பேன். என்ன முகத்தோட கூப்பிடுறதுன்னு விட்டுருவேன். இப்ப அவங்களே கூப்பிட்டாங்க. தவமணிதான் பேசுனான். கயிறைப் பிடிக்கச் சொல்லுறான். பிடிச்சிட்டேன்.”

“நல்லது சார்.”

“ஒரு சந்தேகம். எவ்வளவு நேரம் பிடிக்கணும்? மெர்சி அனுப்புன புது ரூல்ல அது போடலையே.”

பக்கத்தில் யாரோ ரசம் கேட்டார்கள், யாரோ ஊற்றினார்கள். தங்கபுஷ்பத்துக்கு இந்தத் தடவை யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் சார்.”

“நாலு மணி வரைக்கும் ஆகுமே.”

“ஆகும்.”

“சரிம்மா,” என்றார் சுந்தரலிங்கம். “எனக்கும் வேற ஜோலி இல்ல. பிடிச்சுக்கிட்டே இருக்கேன்.”